சாலை விபத்தில் காயமடைந்தவர் இழப்பீடு பெறுவது எப்படி? முதன்முறையாக வழக்குத் தொடுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எப்படி அடிபட்டது?" என்பது. அடிபட்டவர் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். தூக்கிக்கொண்டு வந்த மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ பதற்றத்தில், "பைக்ல இருந்து விழுந்துட்டாரு சார்" என்பார். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பின்னால் வந்த கார் இடித்ததால்தான் அவர் விழுந்தார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஏட்டில் கார் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டும் தாள் அந்தப் பதிவேட்டின் நகலாகத்தான் இருக்கும்.

இழப்பீட்டு வழக்கு என்றதும் பலரும் நீதிமன்றத்தில் நடக்கும் வாதத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வழக்கின் பெரும்பகுதி விபத்து நடந்த முதல் சில வாரங்களில் எழுதப்படும் தாள்களிலேயே முடிவாகிவிடுகிறது. பிறருடைய கவனக்குறைவால் தமிழ்நாட்டில் சாலை விபத்துக்குள்ளாகி உயிர் பிழைத்தவர், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோருவதற்கான வழிமுறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். மரண வழக்குகளுக்கான கணக்கு சற்று வேறு என்பதால் அதை இதில் எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவமனையில்

முதல் வேலை உயிரைக் காப்பாற்றுவது. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து 7 நாட்களுக்கு ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மருத்துவமனைக் கவுண்டரில் முன்பணம் கேட்கும்போது இவ்விரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். காயமடைந்தவரைத் தூக்கிவந்தவர் சாட்சி சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. இது தெரியாததால்தான் பலர் ஆம்புலன்ஸ் வந்ததும் நழுவிவிடுகிறார்கள். அவருடைய தொலைபேசி எண்ணை மட்டுமாவது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பதிவேட்டில் எழுதப்படும் வாசகத்தை உடனிருப்பவர் ஒருவர் கவனிக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊரில், எந்த வகை வாகனம், தெரிந்தால் அதன் எண், எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். ஊகித்துச் சொன்ன எண் பிறகு தவறென்று தெரிந்தால், அது எண்ணே சொல்லாமல் இருந்ததைவிடப் பெரிய தொல்லையாக முடியும். முதலில் தனியார் மருத்துவமனையில் சேர்த்து, பிறகு அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் இரண்டு இடத்திலும் ஒரே விவரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

காவல் நிலையத்தில்

மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். காவலர் வந்து வாக்குமூலம் வாங்குவார். காயமடைந்தவரால் பேச முடியாவிட்டால் உறவினரோ நேரில் பார்த்தவரோ புகார் தரலாம். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், வலியில் இருந்தாலும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, அசட்டையாக வாகனம் ஓட்டியதற்கு 281ஆம் பிரிவும், அதனால் காயம் ஏற்படுத்தியதற்கு 125ஆம் பிரிவும் முதல் தகவல் அறிக்கையில் இருக்கும். அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், அது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். எதிர்த் தரப்பினர் நிலையத்திலேயே ஒரு தொகையைக் கொடுத்து, "கேஸ் வேணாம், பேசி முடிச்சுக்கலாம்" என்று எழுதி வாங்க முயல்வதும் வழக்கம். எலும்பு முறிவு சேருமா, மறு அறுவை சிகிச்சை வேண்டுமா என்று மருத்துவருக்கே தெரியாத அந்த முதல் வாரத்தில் எதற்கும் கையெழுத்திட வேண்டாம்.

முதல் தகவல் அறிக்கை தாமதமாகப் பதிவானது என்பதற்காக மட்டும் கோரிக்கை தள்ளுபடியாகாது; 2011இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உயிருக்குப் போராடும் மகனை விட்டுவிட்டுத் தந்தை காவல் நிலையத்துக்கு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

சில வேளைகளில் காயமடைந்தவர் மீதே வழக்குப் பதிவாகியிருக்கும். சாலையில் கிடந்தவர் தன் தரப்பைச் சொல்வதற்குள் கார்க்காரர் புகார் கொடுத்திருப்பார். இதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை ஒரு தொடக்கம்தான். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் தன் முன் வரும் சாட்சியத்தை வைத்துத் தானே முடிவெடுக்கும். அப்படிப்பட்ட வழக்கில் அருகிலுள்ள கடைகளின் சிசிடிவி பதிவு பொன்னைப் போன்றது. பல கடைகளில் பழைய பதிவுகள் சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும் என்பதால் அதை அன்றே கேட்டுவிட வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் காவல் அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கை போக வேண்டும். அதையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல், தன் மனுவைத் தானே தாக்கல் செய்வதுதான் பாதுகாப்பு என்பது என் கருத்து.

கோப்பு ஒன்று போடுங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி, மருத்துவமனையிலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் தேதி வரிசையில் அதில் வையுங்கள். மருந்துக் கடைகளில் இப்போது தரும் வெப்பத்தாள் ரசீதுகள் ஆறேழு மாதத்தில் வெளிறி வெற்றுத் தாளாகிவிடும். ஐம்பது, அறுபது வெள்ளைச் சீட்டுகளைக் கொத்தாகக் கொண்டுவந்து, "இதெல்லாம் மருந்துச் செலவு" என்று கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. அவற்றில் ஒரு எழுத்தும் தெரியாது. வாங்கிய வாரத்திலேயே ஒளிநகல் எடுத்து அசலோடு சேர்த்துப் பின் அடித்து வைத்துவிட்டால் இந்த இழப்பு இல்லை. ரசீதோடு மருத்துவரின் மருந்துச் சீட்டும் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத ரசீதைக் காப்பீட்டு நிறுவனம் எளிதில் மறுத்துவிடும்.

காவல் துறையிடமிருந்து வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் குறிப்பு), விபத்து இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, பிறகு குற்றப்பத்திரிகை. விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவை வழியாகவும் பெறலாம். இவற்றில் மாதிரி வரைபடத்தைக் கூர்ந்து பாருங்கள். மோதிய இடம் சாலையின் எந்தப் பாதியில் குறிக்கப்பட்டுள்ளது என்பதை வைத்தே கவனக்குறைவு யாருடையது என்ற கேள்விக்குப் பல வழக்குகளில் விடை சொல்லப்படுகிறது.

மருத்துவமனையிலிருந்து வேண்டியவை: விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கம், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள். காயங்களின் நிழற்படங்களையும், கட்டுப் பிரிக்கும்போதும் ஊன்றுகோலோடு நடக்கும்போதும் எடுத்த படங்களையும் தேதியோடு வையுங்கள்.

வருமானத்துக்கு: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, விடுப்பு எடுத்ததற்கான முதலாளியின் சான்று. இவை எதுவும் இல்லாத கூலித் தொழிலாளிக்கும் சிறு வியாபாரிக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 2014இல் சையத் சாதிக் வழக்கில், எழுத்துபூர்வச் சான்று ஏதும் இல்லாத ஒரு காய்கறி வியாபாரியின் மாத வருமானத்தை 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; அந்த விபத்து நடந்தது 2008இல். நலவாரிய அட்டை, தொழிற்சங்க அட்டை, சந்தைக் கட்டண ரசீது, ஜிபே வரவு என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

ஆறு மாதம்

1994க்குப் பிறகு நீண்ட காலம் இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு இருக்கவில்லை. அந்தப் பழைய நினைப்பில் இன்றும் பலர், "அதெல்லாம் எப்ப வேணும்னாலும் போடலாம்" என்று சொல்வார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 166(3) பிரிவு மீண்டும் வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. கெடு தாண்டியவர் உடனடியாக வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். தாண்டாதவர் அந்த வழக்குகளை நம்பித் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை முடியவில்லை, ஊனச் சான்று வரவில்லை என்பது காத்திருப்பதற்குக் காரணமாகாது. மனுவை இப்போது போட்டுவிட்டு, சான்றுகளை விசாரணையின்போது தாக்கல் செய்யலாம்.

எந்த வழியில் கேட்பது?

166ஆம் பிரிவு வழக்கமான வழி. எதிர் வாகன ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

164ஆம் பிரிவில் கவனக்குறைவை நிரூபிக்கவே தேவையில்லை. கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் என்று தொகை நிலையானது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் அடங்கும். தவறு யாருடையது என்பதில் சிக்கல் உள்ள வழக்குக்கு இது ஏற்றது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் முன்வந்து இந்தத் தொகையைக் கொடுத்து நீங்கள் ஏற்றுக்கொண்டால், 166இன்கீழ் போட்ட மனு அத்தோடு காலாவதியாகிவிடும். கால் ஒன்றை இழந்தவர் அவசரத்தில் இதை வாங்கிக்கொள்வது பெரும் இழப்பு.

மோதிய வாகனம் எதுவென்றே தெரியாமல் போனால் 161ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். இதற்குத் தீர்ப்பாயம் அல்ல, வருவாய்த் துறை அதிகாரியிடமே விண்ணப்பிக்க வேண்டும். வேலை நேரத்தில் விபத்துக்குள்ளான தொழிலாளி, தொழிலாளர் இழப்பீடு தொடர்பான சட்டத்தின்கீழும் கேட்கலாம். அது, மோட்டார் வாகனச் சட்டம் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மனுத் தாக்கல்

விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த எல்லையிலுள்ள தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். திண்டிவனத்தருகே விபத்தில் சிக்கிய மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்கு நடத்தலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. வழக்கு எண் 'எம்.சி.ஓ.பி.' என்று தொடங்கும். நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

வாகனத்தின் பதிவு பெற்ற உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். ஓட்டுநரையும் சேர்ப்பது நல்லது. வண்டி கைமாறிவிட்டது என்று யாராவது சொன்னால், பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறது என்பதையே பாருங்கள். சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. வாகன எண்ணை வைத்துக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதை எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். எதிர் ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும்.

வழக்கறிஞர் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் எலும்பு முறிவு வார்டுகளில், "ஒரு பைசா செலவு வேணாம், எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி வெற்று வக்காலத்தில் (வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து வாங்கும் தரகர்கள் உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் தொழில் விதிகள் அனுமதிக்கவில்லை. உங்கள் ஊரில் நீங்களே விசாரித்து, நேரில் பார்த்து ஒருவரை அமர்த்துங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தரும். அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

தொகை எப்படிக் கணக்காகிறது?

2010ஆம் ஆண்டின் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு, காய வழக்குகளுக்கான இனங்களை வகுத்துத் தந்தது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உதவியாளர் செலவு, சிகிச்சைக் காலத்து வருமான இழப்பு, எதிர்காலச் சிகிச்சை, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு ஆகியவை அதில் உண்டு. இவற்றையெல்லாம்விடப் பெரிய தொகை வருவது நிரந்தர இயலாமையால் ஏற்படும் எதிர்கால வருமான இழப்பு என்ற இனத்தில்தான்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். மருத்துவக் குழு தரும் இயலாமைச் சதவீதம் உடலைப் பற்றியது. வருமான இழப்பின் சதவீதம் தொழிலைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமானம் ஏறக்குறைய முழுவதும் போய்விடலாம்; அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் நீடித்தால் அவருக்கு வருமான இழப்பே இல்லாமல் போகலாம் என்று அந்தத் தீர்ப்பே விளக்குகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 34 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. காய வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்பது 2020இன் பப்பு தேவ் யாதவ் தீர்ப்பு. ஆக மாதம் 21,000; ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 31 முதல் 35 வயது வரையுள்ளவர்க்குப் பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. பெருக்கினால் 40,32,000. முழங்கால் மடங்காததால் வருமான இழப்பு 30 சதவீதம் என்று முடிவானால் 12,09,600 ரூபாய். மரண வழக்கில் கழிப்பதுபோல் சொந்தச் செலவுக்கென்று இதில் எதையும் கழிப்பதில்லை.

அதே 30 சதவீத இயலாமை தொழிலைப் பாதிக்கவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால், பெருக்கெண் முறையை விட்டுவிட்டு ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடும். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என வைத்தால் கிடைப்பது 1,50,000. காயமும் சான்றும் ஒன்றே. தொகையில் வித்தியாசம் பத்து லட்சத்துக்கு மேல். ஆகவே சாரத்தில் ஏற முடியவில்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை பூச முடியவில்லை, சித்தாள் வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கொத்தனார் தம் வாயால் சாட்சியத்தில் சொல்ல வேண்டும். முடிந்தால் அவரை வேலைக்கு அழைத்துச் சென்ற மேஸ்திரியும் வந்து சொல்ல வேண்டும். "மிகுந்த சிரமப்படுகிறேன்" என்ற பொதுவான வரியால் பயனில்லை.

விசாரணை

நீங்கள்தான் முதல் சாட்சி. நிரூபண வாக்குமூலத்தை, அதாவது எழுத்தில் தரும் உங்கள் சாட்சியத்தை, தாக்கல் செய்ததும் குறுக்கு விசாரணை நடக்கும். தலைக்கவசம் போட்டிருந்தீர்களா, உரிமம் இருந்ததா, வண்டியில் மூன்று பேர் போனீர்களா என்பவை தவறாமல் வரும் கேள்விகள். உண்மையைச் சொல்லுங்கள். மூன்று பேர் போனது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இல்லாவிட்டால், அதற்காக மட்டும் தொகையைக் குறைக்க முடியாது என்பது 2020இன் முகமது சித்திக் தீர்ப்பு. கால் முறிவுக்குத் தலைக்கவசம் போடாததைக் காரணம் காட்டுவதும் அப்படித்தான். ஆனால் தலையில்தான் அடி என்றால், உங்கள் பங்குத் தவறாக ஒரு சதவீதத்தைக் கழிப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

மருத்துவக் குழுவுக்குத் தீர்ப்பாயம் அனுப்பும்போது எக்ஸ்ரே படங்கள், சிகிச்சைச் சுருக்கம் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை புதிய எக்ஸ்ரே ஒன்றும் எடுக்கச் சொல்லக்கூடும்.

சமரசம்

சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் காப்பீட்டு நிறுவனம் ஒரு தொகை சொல்லும். அங்கே முடிந்தால் சீக்கிரம் பணம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. மேலே காட்டிய கணக்கை உங்கள் வயதுக்கும் வருமானத்துக்கும் ஒரு தாளில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சொல்லப்படும் தொகை அதன் பக்கத்தில்கூட வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். அதனால் வழக்குக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பாயம் அறிவிக்கும் தொகையோடு வட்டியும் சேரும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 7.5 சதவீதம் பரவலாக வழங்கப்படுகிறது. தீர்ப்பறிவித்த 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தொகை குறைவென்று கருதினால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ மேல்முறையீடு செய்யலாம். சர்ச்சைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வழி இல்லை. நிறுவனமும் மேல்முறையீடு செய்யலாம். அப்போது நீதிமன்ற உத்தரவின்படி செலுத்தப்படும் தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள மனுப் போடுங்கள். பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். கணக்குப் புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

பணம் வராவிட்டால், தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனுவைப் போட வேண்டும். மோதியது அரசுப் பேருந்து என்றால் இந்தக் கட்டத்தை எதிர்பார்த்தே இருங்கள். போக்குவரத்துக் கழகங்கள் பெரும்பாலும் வெளிக் காப்பீடு எடுப்பதில்லை. இழப்பீட்டைத் தாங்களே தர வேண்டும், அதனால் இழுத்தடிப்பதும் நடக்கிறது. பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, நீதிமன்ற அமீனா (உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) பேருந்தை ஜப்தி செய்து ஓட்டிச் செல்லும் செய்தியைத் தமிழ்நாட்டில் எல்லோரும் நாளிதழில் படித்திருப்போம். ஜப்தி ஆன சில நாட்களில் கழகம் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு போய்விடும்.